மதலேனாளுக்கு ஒரு விக்

ராயபுரத்தில் அந்தத் தெருக்காரர்கள் தவக்காலத்தில் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் மரிய மதலேனாள் என்றால் டெபோராதான். இயேசுவின் காலில் பரிமளத் தைலம் ஊற்றி, தன் கூந்தலால் துடைக்கிற காட்சி. அதைப் பார்க்கவே காசிமேட்டுப் பெண்கள் பாயும் கையுமாக வந்து இடம் பிடிப்பார்கள். அப்படியொரு கூந்தல் அவளுக்கு, இடுப்பைத் தாண்டும். இயேசு அவள் புருஷன் லூர்து. மற்ற நாளில் துறைமுகத்தில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவன்.

இந்த வருஷம் கீமோ முடிந்து வீடு திரும்பிய டெபோராவின் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. நாடகத்தை நடத்தும் அருள்பிரகாசம் நல்ல மனுஷர்தான். நாடகம் என்று வந்துவிட்டால் மட்டும் கறார் பேர்வழி.

"நீ பொயச்சி வந்ததே மாதா புண்ணியம்மா. ஆனா முடியே இல்லாம இன்னாத்தால தொடைப்பே? குருத்து ஞாயிறுக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லாங்காட்டி வேற பொண்ண போட்டுருவேன்."

நாடகப் பெட்டியில் விக்குகள் இருக்கத்தான் செய்தன. எல்லாம் சீடர்களுடையவை. ஒன்றை மாட்டிப் பார்த்தபோது டெபோரா தாடி மழித்த பேதுரு மாதிரி இருந்தாள். அவளே சிரித்துவிட்டாள். பிறகு சமையற்கட்டுக்குப் போய் அழுதாள். மேடையில் அந்த இயேசுவின் காலடியில் மறுபடி மண்டியிட்டால்தான் தான் முழுசாகத் திரும்பி வந்துவிட்டதாக அவளுக்கே நம்பிக்கை வரும் போலிருந்தது.

லூர்து போனைத் தேய்த்துத் தேய்த்து ஒரு விக் விளம்பரத்தைப் பிடித்தான். அசல் கூந்தல், முழங்கால் நீளம், இரண்டாயிரத்துக்கும் கீழே. பணத்தை முழுசாக முதலிலேயே அனுப்பிவிட வேண்டுமாம்.

"அனுப்பிரட்டா?" என்றான். விரல் பொத்தான்மேலேயே இருந்தது.

"இரு. யாரு தலைமுடிய இவ்ளோ சல்லிசா விக்கிறான்? அதக் கேப்போம்."

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவள் அவள். போனை வாங்கிக்கொண்டு, உள்பக்கம் எப்படித் தைத்திருக்கிறது, ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்டாள். பழைய படமே திரும்ப வந்தது. கடை எங்கே என்றாள். 'ஆல் இந்தியா மேடம்' என்று பதில். தைலம் பட்டால் தாங்குமா?

'தாங்கும் மேடம்.'

கொதிக்கிற எண்ணெய்?

'தாங்கும் மேடம். பெஸ்ட் குவாலிட்டி.'

டெபோராவுக்குக் குஷி பிறந்துவிட்டது. மீன் குழம்பில் போடலாமா என்று கேட்டாள்.

'சூப்பரா இருக்கும் மேடம். பத்து நிமிஷத்துல ஆஃபர் முடியுது.'

வியாதிக்குப் பிறகு லூர்து அவள் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான். அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பணம் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

மறுநாள் இருவரும் மண்ணடியில் ஒரு மாடிக்கடைக்குப் போனார்கள். கடைக்காரி ரூபினா கேட்பதற்கு முன்பே விக்கைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினாள். வலையும், இறுக்கிக்கொள்ளக் கொக்கிகளும், வரிசை வரிசையாகத் தையலும் இருந்தன. டெபோரா அதற்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தாள். எத்தனை கேள்வி! இது எப்படி மூச்சு விடும், எப்படிக் கழுவுவது, எதனால் செய்தது.

"அசல் முடி இடுப்பு வரைக்கும் வேணும்னா தங்கச் சங்கிலி வெல ஆவும்க்கா. அது உனக்கு வாணாம். இது நைலான். தோள் வரைக்கும்தான் வரும். எண்ணெ படக்கூடாது, தீ ஆவாது. கொக்கி மாட்ட உன் முடி இல்லாததால கொஞ்சம் லூசாத்தான் நிக்கும். இப்பவே சொல்லிட்டேன்."

இது ஆகாது, அது முடியாது என்று ஒருத்தி சொல்லச் சொல்ல, டெபோராவுக்கு அவள்மேல் நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. அதையே வாங்கினாள்.

நாடகத்தன்று தைலத்துக்குப் பதில் பன்னீர் ஊற்றினாள். முடி தோள்வரைக்கும்தானே, சும்மா குனிந்தால் எட்டவில்லை. இன்னும் குனிந்தாள். நெற்றி லூர்துவின் வெடித்த பாதத்தில் பட்டது. வலமும் இடமுமாகத் துடைக்கும்போது பின்னந்தலையில் ஜில்லென்று காற்றுப் பட்டது. விக் நழுவுகிறது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

அப்போது இயேசு, எந்த ஒத்திகையிலும் இல்லாதபடி, குனிந்து இரண்டு கைகளையும் அவள் தலைமேல் வைத்து அழுத்தினார்.

"நான் புட்ச்சிகினுகீறேன்" என்றான் லூர்து, உதடு அசையாமல். "பதறாத."

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. "பாரேன், எப்டி ஆசீர்வாதம் பண்றாரு" என்று பாயில் இருந்த ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். டெபோரா எழுந்து வசனம் பேச வேண்டிய இடம் அது. அவள் எழவில்லை. அவனும் கையை எடுக்கவில்லை. கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அருள்பிரகாசம் தானே போய்த் திரையை இழுத்துவிட்டார்.