எங்க வூட்டு அண்டா

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பாத்திரத்திலிருந்து கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ மண்டபத்தின் பின்பக்கம் போனேன். குழாயடியில் ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு நசுங்கல். கழுத்தடியில் பெயர் வெட்டியிருந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. கடைசியில் ஒரு ‘கி’ மிச்சம். குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். “கை கழுவிட்டீங்கன்னா நகருங்க சார்” என்றார் பாத்திரம் தேய்க்கிறவர். நகர்ந்துவிட்டேன். அண்டாதான் மனசை விட்டு நகரமாட்டேன் என்கிறது.

ஜானகியாக இருக்கலாம். நான் கண்ணகி என்று வைத்துக்கொள்கிறேன். எழுதுகிறவனுக்கு அந்த அளவு உரிமைகூட இல்லையா என்ன?

2

முதல் தொடக்கம்: “கோடை முடிந்து, கல்வராயன் மலையின்மேல் மெல்லப் பனி…”

(வேண்டாம். மலை என்றாலே எல்லாரும் பனியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: “அவள் ஒரு…”

(அவள் ஒரு என்ன? தெரிந்தால் எழுதியிருக்கமாட்டேனா!)

மூன்றாவது: “சீசன் முடிகிறது என்பது அருவிக்கரையில் நாய்களுக்குத்தான் முதலில் தெரியும்.” இது இருக்கட்டும்.

சீசன் முடிகிறது என்பது அருவிக்கரையில் நாய்களுக்குத்தான் முதலில் தெரியும். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்றதும் கீழ்நாட்டுக் குடும்பங்கள் வருவது நின்றுவிடும். எச்சில் இலை குறையும். நாய்கள் கடைக்குக் கடை போய் முகத்தைப் பார்க்கும். பாறைகளில் ஷாம்பு பாக்கெட்டும், யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைச் செருப்பும் கிடக்கும். அந்த வருஷமும் அப்படித்தான் ஆனது. கண்ணகி கடைசி மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, மிளகாய்ச் சட்னி வைத்து, வந்த நாலு பேருக்கு விற்றுவிட்டு, மிச்சத்தை நாய்களுக்கே போட்டாள்.

“இதுங்களுக்கு வேற சட்னியும் வெக்கறியா?” என்றாள் பக்கத்து பஜ்ஜிக்கடை பெரியம்மாள்.

“காரம் ஆவாதுக்கா, அதுங்களுக்கு.”

“உனக்கு மட்டும் ஆவுதாக்கும். மொகத்துல ஏன் இன்னிக்கி இம்மாஞ்சிரிப்பு?”

கண்ணகி அண்டாவைக் கழுவப் போய்விட்டாள். அவள் அம்மா வீட்டுச் சீராக வந்த அண்டா அது. புருஷன் செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. சீரில் அண்டா மட்டும்தான் அவளோடு தங்கியது.

3

[வருஷம் பற்றி. இட ஒதுக்கீட்டுக்காகச் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மறியல் நடந்தது செப்டம்பரில். என் கதைக்கோ ஜூன் வேண்டும், மலையில் சீசன் அப்போதுதான் முடியும். ஆகவே ஜூன் மாதத்தில் சின்னதாக ஒரு மறியலை நானே நடத்திக்கொள்கிறேன். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.]

சீசன் கடைக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாமான் முந்தின நாளே இறங்கிவிடும், ஆள் மறுநாள்தான் இறங்கும். கடைசி நாள் பஸ்ஸில் மேலே கீழே எங்கும் இடமிருக்காது என்பதால் வந்த வழக்கம். அன்றைக்கும் சீசன் பஸ்ஸின் தலையில் பாத்திரங்களை ஏற்றினார்கள். கண்டக்டர் தீனதயாளன் ஏணியில் நின்று வாங்கி வாங்கி மேலே வைத்தான். மற்றவர்கள் சாமானைத் தூக்கிப் போட்டவன், கண்ணகியின் அண்டாவை மட்டும் கோணி சுற்றிக் கட்டினான். பெரியம்மாள் கனைத்தாள்.

கீழே இறங்கி வந்து, டிக்கெட் பையைச் சரிசெய்கிற பாவனையில் கண்ணகியிடம் சொன்னான்:

“நாளைக்குக் காலைல நானே வந்து ஏத்திக்கினு போறேன். நம்ம புளியமரத்து ஸ்டாப்புல எறங்காத. கள்ளக்குறிச்சி வரிக்கும் வா. அங்கேர்ந்து சின்னசேலம், அங்கேர்ந்து ரயிலு. இன்னா சொல்ற?”

கண்ணகிக்கு அழுகை வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“டிக்கெட்டு யாருங்க எடுப்பாங்க?”

“கண்டக்டருகிட்டயே டிக்கெட்டு கேக்கறா பாரு!”

“அண்டாவ பாத்து எறக்குங்க. இன்னொரு நசுங்கலு வெச்சிடாதீங்க.”

அவள் ‘சரி’ என்று சொல்லவில்லைதான். அண்டாவைக் கொடுத்த பிறகு வேறே என்ன சொல்ல வேண்டும்? அவனுக்குப் புரிந்தது. விசிலை ஊதி, ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். வளைவில் பஸ் மறைகிற வரைக்கும் படியில் தொங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபடியே போனான்.

4

இங்கே ஒரு வரியை எழுதி, அடித்து, திரும்ப எழுதி, திரும்ப அடித்தேன்:

“கண்ணகி … சேர்ந்தவள், தீனதயாளன் … சேர்ந்தவன்.”

கோடிட்ட இடத்தை நிரப்ப எனக்குக் கை வரவில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வாசகர் பெயரைக் கேட்பதற்கு முன்பே தெருவைக் கேட்பார். ஆகவே தெருவை மட்டும் சொல்கிறேன். இரண்டு பேரும் இறங்குவது ஒரே ஸ்டாப், அந்தப் புளியமரத்தடி. இறங்கினதும் அவன் கிழக்கே ஊருக்குள் போவான், அவள் மேற்கே காலனிக்குப் போவாள். பஸ்ஸுக்குள் இருக்கிற வரைக்கும் சிரிப்பும் பேச்சும். மரத்தடியில் இறங்கிவிட்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. எத்தனை சீசனாக இதே கூத்து! அதனால்தான் ‘அந்த ஸ்டாப்புல எறங்காத’ என்று அவன் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது.

ஒரே தெருவாக இருந்திருந்தால் ரயில் எதற்கு? இந்தக் கதைதான் எதற்கு?

5

மறுநாள் பஸ் வரவில்லை.

நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணகி ரோட்டோரப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. கீழே மரத்தை வெட்டிப் போட்டு மறிக்கிறார்கள் என்று மூங்கில் லாரிக்காரன் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். பெரியம்மாள் மூட்டையைத் தலையில் வைத்தாள்.

“வா புள்ள, ஒத்தையடிப் பாதைல எறங்கிடலாம்.”

“நீ போக்கா. நான் பஸ்ல வரேன்.”

“எந்த பஸ்ல? மரத்துமேல பறந்துக்கினா வரப்போவுது?”

“வரும்க்கா.”

பெரியம்மாள் அவள் புடவையைப் பார்த்தாள். கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்துவிட்டு நடந்தாள்.

[இந்த இடத்தில் நான் கண்ணகிக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறேன், கவனித்தீர்களா? ரோடு திறந்திருந்து அவன் வராமல் போயிருந்தால் எல்லாம் அன்றைக்கே தெரிந்துபோயிருக்கும். மரம் விழுந்துகிடக்கிறவரை, அவன் வராததற்கு மரம்தான் காரணம். அவளும் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.]

ஆனாலும் மனசு கேட்கிறதா? மறிக்கிறவர்கள் அவன் ஊர்க்காரர்கள், அவன் அண்ணன் தம்பிகள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றால் அவனுக்குக் கிழக்குத் தெருதானே ஞாபகம் வரும்? அவளுக்கு அவன் குரலைக் கேட்கவேண்டும்போல் இருந்தது. குரல்கூட வேண்டாம், அந்த விசில் போதும். ஆளில்லாத அருவிக்கரையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நாய்கள் வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டன.

6

அடுத்த நாள் வீரமுத்து நடந்து வந்தார். மலைக்காரர், கடுக்காய் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்புகிறவர். கண்ணகி கடையில் கிழங்கு சாப்பிடாமல் தாண்டிப் போகமாட்டார்.

“நீ இன்னும் எறங்கலியாம்மா?”

“கீழ இன்னாண்ணா ஆச்சி?”

“இன்னா ஆவும்? உங்க ஸ்டாப்பு புளியமரத்தயே சாச்சிட்டாங்க. ரோட்ட அடைச்சிக்கினு கெடக்குது. பஸ்ஸு அந்தாண்ட மாட்டிக்கிச்சி. ஜனமெல்லாம் ரோட்டுலயே சோறாக்கித் துன்றாங்க.”

“கண்டக்டரு?”

“அவனும் அங்கதான் கீறான். உங்கிட்ட ஒன்னு சொல்லச் சொன்னான். அண்டா பத்திரமா கீதாம்.”

கண்ணகிக்குச் சப்பென்று போய்விட்டது. இத்தனை நேரம் காத்திருந்ததற்கு அண்டாவைப் பற்றித்தானா சேதி?

வீரமுத்து தலையைச் சொறிந்தார். “பத்திரம்னு சொன்னான். ஆனா அதுலதான் அத்தினி பேருக்கும் சோறு வேவுது. நசுங்கலப் பாத்ததுமே நான் கண்டுக்கினேன். பெரிய பாத்திரம் இல்லாம தவிச்சிருக்காங்க. பஸ்ஸு மேல இது மட்டும் எறக்காம கெடந்தத பாத்துட்டு, எவன் வூட்டு அண்டாடா இதுன்னு கேட்டாங்களாம்.”

“அதுக்கு?”

“எங்க வூட்டு அண்டாதான், எறக்குங்கன்னானாம்.”

கண்ணகிக்கு முதலில் சிரிப்பு வந்தது. காலனிக்காரி கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத கிழக்குத் தெரு மொத்தமும் அவள் அம்மா வீட்டுச் சீரில் பொங்கி, இலை போட்டுச் சாப்பிடுகிறது! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எங்க வூட்டு அண்டா. மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சொன்ன பொய்யா அது? இல்லை, ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே வாயில் வந்துவிட்ட நிஜமா?

அப்புறம்தான் சுருக்கென்றது.

“அண்ணா, கழுத்தடியில எம்பேரு வெட்டியிருக்கும். மொதல்ல அப்பன் பேரு, கடசியில எம்பேரு.”

“கரி புடிச்சிப் போச்சிம்மா. ஒன்னும் தெரில.”

“தேய்ச்சா?”

“இப்ப எங்க தேய்க்கறாங்க? ஒல மேல ஒலயா வெச்சிக்கினு கீறாங்க. இன்னிக்கி சாயங்காலமே மரத்த எடுத்துடறதாப் பேச்சு. அப்பறமாத்தான் தேய்ப்பாங்க.”

ரோடு திறந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் அவன் வருவான். ஆனால் ரோடு திறக்கிற அன்றைக்குத்தான் அண்டாவைத் தேய்ப்பார்கள். எந்தப் பாத்திரத்தில் இத்தனை வேளை சாப்பிட்டோம் என்று தெரிந்தால் அவனைச் சும்மா விடுவார்களா? காலனியைத்தான் சும்மா விடுவார்களா? மரம் எப்போது நகரும் என்று ஏங்கிக்கொண்டிருந்தவள், அந்த நிமிஷத்திலிருந்து மரம் நகரவே கூடாது என்று வேண்ட ஆரம்பித்தாள்.

7

“கண்ணகி பாறையிலேயே காத்திருந்தாள்” என்று எழுதினேன். அதுதான் என் திட்டம். ஏக்கக் கதைக்கு அது பொருத்தமான முடிவு. பாறை, அருவி, நாய், ஒற்றைப் பெண். அழகாக இருக்கும்.

அவள் கேட்டால்தானே! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். “கூட வரட்டாம்மா?” என்று வீரமுத்து கத்தியதற்குக்கூட நிற்கவில்லை. நானும் பின்னாலேயே ஓடவேண்டியதாயிற்று.

அவள் போய்ச் சேர்ந்தபோது மரத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டி இழுக்கிற சத்தம். கிளைகளைக் கழித்துவிட்டிருந்தார்கள், இலையும் பிஞ்சுமாக ரோடெல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. ஸ்டாப் இருந்த இடத்தில் ஈரமான அடிக்கட்டை மட்டும். எங்கே நின்று கிழக்கே மேற்கே என்று பிரிவார்களோ அந்த இடமே இல்லாமல் போயிருந்தது.

மரத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில், தீனதயாளன் குந்தி உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கையில் தேங்காய் நார், சாம்பல். காக்கிச் சட்டையெல்லாம் கரி.

“இன்னாடா தீனா, பொம்பள வேல பாக்கற?”

“எங்க வூட்டுது. நான் தேய்க்கறேன். உங்களுக்கு இன்னா?”

“அப்ப ஒழுங்கா தேயேன்! அடியெல்லாம் பளபளன்னு கீது, கழுத்துல கரிய அப்படியே வுட்டு வெச்சிருக்க!”

அடி பளபளத்தது, வயிறு பளபளத்தது. கழுத்தைச் சுற்றி மட்டும் கரி கன்னங்கரேலென்று அப்படியே இருந்தது. அவன் நார் அந்தப் பக்கம் போகவே இல்லை. நசுங்கலைக்கூட எவ்வளவு பதமாகத் தேய்த்திருக்கிறான் என்பதைக் கண்ணகி பார்த்தாள். இத்தனை சீசனில் அவன் தன்னைத் தொட்டதில்லை என்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. போதும், இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்று நினைத்தாள். உடனே, போதாது என்றும் நினைத்தாள்.

ஊர்க்காரன் ஒருத்தன் குனிந்தான். “குட்றா, நான் தேய்க்கறேன்” என்று நாருக்குக் கை நீட்டினான்.

தீனதயாளன் நிமிர்ந்தான். மரத்துக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பதைப் பார்த்துவிட்டான்.

8

முடிவு ஒன்று: கண்ணகி மரத்தைத் தாண்டிக் குதித்து, “அது எங்க வூட்டு அண்டா, குடுங்க” என்று எல்லார் முன்னாலும்…

முடிவு இரண்டு: அவள் ஒரு வார்த்தை பேசாமல் மேற்கே திரும்பி…

இரண்டையும் அடித்துவிட்டேன். முதலாவதை எழுதினால் அந்தக் காலத்துக்கு நான் துரோகம் செய்கிறேன். இரண்டாவதை எழுதினால் அவளுக்கு.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்த மண்டபத்து அண்டா மட்டும்தான். பித்தளையில் வெட்டிய பெயர் வழவழப்பாகிப்போக எனக்குத் தெரிந்து இரண்டு வழி உண்டு. பயந்துபோன ஒருவன் ஒரே நாளில் அரத்தை வைத்து ராவி எடுக்கலாம். அல்லது ஒருத்தி தன் வீட்டில், தன் கையால், புளியும் சாம்பலும் போட்டு, காலமெல்லாம் தேய்த்துத் தேய்த்து அது தானாகவே மறையலாம்.

அன்றைக்கு அந்த இடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் விரலை வையுங்கள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்க்கிறவர் நகரச் சொன்னாலும் நகராதீர்கள். அவள் இன்னும் மரத்துக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறாள்.