சுவர் இனித்த மாரி

எண்பத்திரண்டாம் ஆண்டு மாரி விதைப்புக்காக நிந்தவூர் ஜுனைதா முளைக்க வைத்த நெல், தன் உள்ளே இருந்த சுவர்களைக் கரைத்து முடித்த கையோடு, சாக்குகள் சாய்ந்திருந்த வளவின் நடுச்சுவரையும் கரைக்கத் தொடங்கியது. அந்தக் கிழமை கல்முனைச் சந்தையில் கீரி மீன் மலிவு, வெங்காயம் நல்ல விலை.

அந்தச் சுவர் வந்த கதை இது. ஜுனைதாவுக்கும் அவளுடைய தாத்தா உம்முவுக்கும் வாப்பா ஒரே வளவுக்குள் ஆளுக்கொரு வீடு கட்டிச் சீதனம் கொடுத்திருந்தார். அக்காவைத் தாத்தா என்றுதானே எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கூப்பிடுவது. எழுபத்தெட்டுச் சூறாவளி ஊர்க்கூரையெல்லாம் பிடுங்கியபோது, ஒரு தகரம் பறந்துவந்து இரண்டு முற்றத்துக்கும் நடுவில் விழுந்தது. அது என்னுடையது என்றாள் மூத்தவள், இல்லை என்னுடையது என்றாள் இளையவள். வழக்குத் தீருமுன் தகரம் துருவேறி உதிர்ந்துபோனது. அதற்குள் உம்மு சுவரை எழுப்பிவிட்டாள். சீமெந்து கிடைக்காத காலம் என்பதால் களிமண்ணோடு உமியும் தவிடும் வைக்கோலும் சேர்த்து மிதித்துக் கட்டிய சுவர். பேச்சும் அதோடு நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் உம்மு நெல் அவிக்கும் அடுப்பு. அதனால் இந்தப் பக்கம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். மழைநாளில் ஜுனைதா மீன் வெட்டுவதும் கீரை ஆய்வதும் அந்தச் சூட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான். சூட்டுக்கு வித்து நன்றாக முளைக்கும் என்று புருசன் ஜவுபரிடம் சொல்லி, ஊறிய நெல்லையும் அங்கேயே வைத்தாள்.

முதலில் சுவர் வியர்த்தது. பிறகு எறும்பு வந்தது, ஆடு வந்து நக்கியது. மூன்றாவதாக, ஊசித்துளை போல வெளிச்சம் வந்து, அந்தத் துளை பெருத்து, அதற்குள்ளால் ஒரு விரல் வந்தது.

“சாச்சி, வெள்ளிக்கிழமை எனக்குக் கலியாணம்” என்றது விரல்.

அது உம்முவின் மகள் மைமூனா, ஜுனைதா குளிப்பாட்டி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கலியாணத்துக்குக் கோமாரிக்கும் பொத்துவிலுக்கும் ஆள் போய்ச் சொல்லியாயிற்று. சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும் யாரும் வந்து சொல்லவில்லை. ஜுனைதா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

உம்மு காரைதீவிலிருந்து விவசாயப் போதனாசிரியர் நல்லரெத்தினத்தைக் கூப்பிட்டாள். அவர் சுவரில் ஒரு துண்டைச் சுரண்டி வாயில் போட்டுப் பார்த்தார்.

“இது நொதியம், உம்மு அக்கா. ஒரு நெல்லுக்குள்ள ஆயிரம் சின்ன அறை, மா எல்லாம் அதுக்குள்ள பூட்டிக் கிடக்கு. தண்ணி பட்டா, பசிக்குதெண்டு முளை சொல்லி அனுப்பும். தோலுக்குக் கீழ இருந்து நொதியம் கசிஞ்சு, முதல்ல அறைச் சுவரைக் கரைக்கும். பிறகுதான் மாவைச் சீனியாக்கும். உங்கட மதில்லயும் உமியும் தவிடும் கிடக்கு. தன்ட சுவரெண்டு நினைச்சிட்டுது.”

“நிப்பாட்ட ஏலாதா தம்பி?”

“ஏன் ஏலாது? நீங்க அவிச்ச நெல் எப்பயாவது முளைச்சிருக்கா? கொதிதண்ணியை ஊத்துங்க, நொதியம் செத்துப்போகும். அந்தப் பக்கத்து வித்தும் சேர்ந்து அவிஞ்சிரும், அதையும் சொல்லிப்போட்டன்.”

மெலிந்த சுவர் எல்லாவற்றையும் இந்தப் பக்கம் கேட்க விட்டது. ஜவுபர் பதறிப்போனான். “சாக்கை இழுப்பம் புள்ள. வித்துப் போனா இந்தப் போகம் வயல் தரிசு.”

“இழுத்தாச் சுவர் நிண்டிரும்” என்று ஜுனைதா சாக்குகளின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். “ஊத்துறவ முதல்ல என்ட முதுகில ஊத்தட்டும்.”

உம்மு கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு பானையில் மொண்டு, ஆவி பறக்கக் கொண்டுவந்தாள். துளை அதற்குள் ஒரு முகம் அளவாகியிருந்தது. அதற்குள்ளால் தங்கச்சியின் முதுகு தெரிந்தது. சாய்ந்து சாய்ந்து களிமண் ஊறி, தோய்த்தும் போகாத பழுப்புக் கறை சட்டை முழுக்க. உம்மு பானையோடு நின்றாள்.

“என்ன உம்மா பாக்கிறீங்க?” என்றாள் மைமூனா. “அவிக்க நெல் இல்லாத நாளும் நீங்க அடுப்பெரிச்சது ஆருக்கு?”

உம்மு மகளை முறைத்தாள். பிறகு, “வாய் பாக்காம தேயிலையை எடுத்து வா கா” என்றாள்.

கொதிதண்ணீரில் சாயம் இறங்கியதும் கோப்பையைத் துளைக்குள்ளால் நீட்டினாள்.

“சீனி முடிஞ்சிது. சுவரைக் கடிச்சிக் குடி. வெள்ளிக்கிழமை கலியாணம், நேரயே சொல்லிட்டன். பிறகு ஆள் வந்து சொல்லல்லண்டு ஊரெல்லாம் கதைச்சித் திரியாத.”

“தாத்தா,” என்றாள் ஜுனைதா, “சாயம் கடுப்பு.”

“குடி.”

வெள்ளிக்கிழமைக்குள் நடுச்சுவர் முழுக்க இளகி விழுந்தது. பந்தல் இரண்டு முற்றத்துக்கும் ஒன்றாகவே போட்டார்கள். ஜவுபர் அதற்கு முதல் நாளே விதைத்துவிட்டு, முளை கொஞ்சம் நீண்டுபோயிற்று என்று கலியாணச் சோற்றிலும் முணுமுணுத்தான். பயிர் நன்றாகத்தான் வந்தது. மிஞ்சிய சுவரைத் துண்டு துண்டாக உடைத்துத் தட்டில் வைத்து, தேத்தண்ணியோடு பந்தலில் கொடுத்தார்கள். இது என்ன பண்டம் என்று பொத்துவில் ஆட்கள் கேட்டார்கள். சுவர் என்று ஜுனைதா சொன்னாள். ஓம், நல்லாரிக்கு என்று அவர்கள் இன்னும் ஒவ்வொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.