மிச்சமான தண்ணீர்

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது மூத்தவன் ஹால் தரையில் மண்டியிட்டு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் உடலைக் கிடத்த வீட்டில் வேறு இடமில்லை. சுவருக்குச் சுவர் விரிந்திருந்த தாளின் மூலைகளில் இஸ்திரிப்பெட்டி, உப்பு ஜாடி, அவன் செருப்பு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் உட்கார்ந்திருந்தன. அவன் வெடுக்கென்று இழுத்ததில் ஜாடி உருண்டு உப்பு சிந்தியது.

"இன்னும் இதை எடுக்கலையா?" வாசற்படியில் நின்று கேட்டாள் தங்கை. "அம்மா வெளியில காத்துக்கிட்டிருக்காங்க."

சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவர்களை ஒரு விளையாட்டு மைதானத்தில் தங்க வைத்திருந்தார்கள். கூடாரம் எங்கே, குழாய் எங்கே, கழிப்பறை எங்கே என்று திட்டம் போடுவது அவன் வேலை. பகலெல்லாம் மைதானம், ராத்திரியெல்லாம் இந்தத் தாளின் மேல் தவழல். சாயங்காலம் இன்னும் சில பஸ்கள் வருகின்றன. இன்றைக்குப் பார்த்தா இது நடக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு எழுந்தது. தன் மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

அம்மாவை இறக்கிக் கிடத்தியதும் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. முகாம் நர்ஸ்.

"சார், பொம்பளைங்க பக்கத்து டேங்க்ல தண்ணி பாதிக்கு மேல அப்படியே நிக்குது. நேத்தும் இப்படித்தான்."

"நல்லதுதானே. மிச்சம் இருந்தா போதுமான அளவு இருக்குன்னு அர்த்தம்."

"அப்படித் தோணல சார். சில பேர் மயக்கம்னு வந்து படுத்திருக்காங்க."

"அப்புறம் பேசறேன். எங்கம்மா தவறிட்டாங்க."

"மன்னிச்சிருங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். வயசாச்சு என்று அவன் ஆரம்பிப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "நேத்து ஆஸ்பத்திரியில சேர்த்தப்பவே உடம்புல தண்ணியே இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. ஊர் ஜனத்துக்கெல்லாம் தண்ணி அளந்து குடுக்கறவர் வீட்டுல."

சுருக்கென்றது அவனுக்கு. தினமும் சாயங்காலம் அம்மாவின் கட்டிலருகே கூஜாவை நிரப்பி வைப்பது அவன்தான். காலையில் பார்த்தால் கழுத்துவரை நிறைந்திருக்கும். மனைவி மறுபடி ஊற்றி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு ஓடிவிடுவான்.

சமையலறையில் மனைவி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கூஜாவுல காலையில நீதானே தண்ணி ஊத்துவ?"

"இல்லையே. நீங்க வச்சது அப்படியேதான் இருக்கும்."

"அப்ப ராத்திரில அம்மா குடிக்கறதே இல்லையா?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "குடிச்சா எந்திரிக்கணும். பாத்ரூம் அந்தக் கோடியில. நடுவுல நீங்க தாளை விரிச்சுட்டு உக்காந்திருப்பீங்க."

"தாண்டிப் போனா என்ன?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அதுல எத்தனை பேரோட வீடு இருக்கு, எப்படி மிதிக்கறது'ன்னாங்க. உங்ககிட்ட சொன்னா சோத்தையும் நிறுத்திடுவேன்னு மிரட்டினாங்க." டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நான் சொல்லித் தொலைச்சிருக்கணும்."

நிறைந்த கூஜா. பாதி நிற்கும் டேங்க். அங்கேயே நின்று நர்ஸைக் கூப்பிட்டான்.

"பொழுது சாஞ்சா பொம்பளைங்க கழிப்பறைக்கு எப்படிப் போறாங்க?"

"போறதில்லை சார். ஆம்பளைங்க கூடாரமெல்லாம் தாண்டி வேலி ஓரம் வரைக்கும் இருட்டுல நடக்கணுமே. அதான் மத்தியானத்தோட தண்ணியை நிறுத்திடறாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

சுத்தம் செய்யும் லாரிக்கு வசதி என்று வேலி ஓரத்தைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். மேலதிகாரியைப் போனில் பிடித்தான். கையிருப்பில் உள்ள கழிப்பறைகளைப் பெண்கள் பக்கமே வைக்க வேண்டும், விளக்குப் போட வேண்டும், லாரிக்கு வழிவிட ஒரு வரிசைக் கூடாரத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

"வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கியாச்சேப்பா. நீ இன்னைக்கு அம்மா காரியத்தைப் பாரு. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கு வேண்டாம் சார். இருட்டறதுக்குள்ள முடியணும்."

"அப்ப எங்க வைக்கறதுன்னு குறிச்சு அனுப்பு. ஆளுங்களைத் தயாரா நிறுத்தி வைக்கறேன்."

ஹாலுக்கு வந்து அம்மாவின் காலடியில் தாளைப் பிரித்தான். எல்லாரும் பார்த்தார்கள். தாள் சுருண்டு சுருண்டு வந்தது. தங்கை அவனை முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மூலையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

அம்மாவைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் தாளின் விளிம்பில் தயங்கி நின்றார்.

"மிதிச்சுட்டுப் போங்க" என்றான் மூத்தவன். "பரவாயில்லை, மேலேயே மிதிச்சுட்டுப் போங்க."

குறித்ததைப் படமெடுத்து அனுப்பினான். அதன் பிறகுதான் அம்மாவை எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் போன்.

"சார், புதுக் கழிப்பறையில விளக்கு எரிஞ்சதும் பொம்பளைங்க பக்கம் டேங்க் காலி. இப்பதான் குடத்தோட வந்து கத்திட்டுப் போறாங்க. அடுத்த லாரி எப்ப வரும்?"

"சுத்தமா காலியா?"

"சொட்டுக்கூட இல்லை சார்."

"இதோ அனுப்பறேன்." டிரைவரைக் கூப்பிட்டுச் சொன்னான்.

வரைபடம் மூலையில் சாய்ந்து நின்றது. அம்மாவின் கட்டிலருகே கூஜா, முந்தாநாள் அவன் நிரப்பியபடி. அதைத் தொடாமல் ஹாலைக் கடந்து போய் பாத்ரூம் விளக்கைப் போட்டான்.

"யாரு உள்ள?" என்று கேட்டாள் மனைவி.

"யாரும் இல்லை. எரியட்டும்."

கதவைத் திறந்தே வைத்தான். வெளிச்சம் வெறும் தரையில் விழுந்து கட்டில்கால் வரை நீண்டு கிடந்தது.