குளிர்சாதன நடைப்பயணம்

பொன்னி மீட்புப் பேரவையின் நிறுவனர், தலைவர், பொருளாளர் ஆகிய மூவருமான மருதைவாணர் வையம்பட்டியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை காவிரிக்காக நடந்துகொண்டிருந்தார். நடந்துகொண்டிருந்தார் என்றால், ஒவ்வொரு ஊர் எல்லைக்கும் முந்நூறு அடி முன்னால் கேரவனிலிருந்து இறங்கி, மேளத்தோடு ஊரைக் கடந்து, அடுத்த வளைவில் ஏறிக்கொள்வார். வண்டியின் கறுப்புக் கண்ணாடி மூடியிருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி மூடியிருக்க வேண்டுமானால் உள்ளே ஏசி ஓட வேண்டும். மணப்பாறை தாண்டியதிலிருந்து அது மக்கர் செய்தது.

உதவியாளர் பிலோமின்ராஜ் ஏசி ஸ்விட்சைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர், மைக் கரகரத்ததற்காக மேடையிலேயே நீக்கப்பட்டவர். பிலோமின்ராஜ் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் இரண்டு வருடம் வேலையில்லாமல் மாமனார் வீட்டில் சாப்பிட்டார். மறுபடி அந்த இலை முன்னால் உட்கார அவர் தயாராக இல்லை.

ஏசிக்கு வந்த நோயும் விசித்திரம். வண்டி நின்றால் குளிர் எலும்பைத் துளைத்தது. கிளம்பிப் பத்து நிமிடத்தில், கூரையில் ஒரு செருமல் கேட்டு எல்லாம் அடங்கிவிடும். ஓட்டுநர் மன்சூர் மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டார். டீசல் இருந்தது. ஃபியூஸை மாற்றினார், வயர்களை இழுத்துப் பார்த்தார். ஏசிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரோ, அவர் பக்கத்தில் போய் நின்றதும் நல்ல பிள்ளையாக ஓடி அவரைப் பொய்யராக்கியது.

உள்ளே மருதைவாணரின் காதோரம் தலைச்சாயம் ஒரு கோடாக இறங்கத் தொடங்கியிருந்தது. பதினோரு மணிக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் மாலைகளும் தொலைக்காட்சிக்காரர்களும் காத்திருப்பார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா என்று பிலோமின்ராஜ் மெல்லக் கேட்டார். ரோட்டில் போகிறவன் கையிலெல்லாம் கேமரா இருக்கிறது, என்னை உட்கார்ந்தபடி படம் பிடித்துப் போடச் சொல்கிறாயா என்று தலைவர் திருப்பிக் கேட்டார். பிறகு, இதற்கு யார் காரணம் என்று இன்றைக்குள் தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்.

நகர எல்லையான கருமண்டபத்தை நெருங்கும்போது மறுபடி செருமல் கேட்டது. முன் இருக்கைக்கு ஓடிய பிலோமின்ராஜிடம் மன்சூர் குரலைத் தணித்துச் சொன்னார்:

"சார், சைடு கண்ணாடியில பாருங்க. ஐயா கன்னம் ஒட்டிப்போச்சு."

கேரவனின் பக்கவாட்டில் நீளத்துக்கும் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் மருதைவாணர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டியின் வேகத்தில் அந்தச் சிரிப்பு உள்வாங்கிப் பொக்கை வாயாகியிருந்தது. மன்சூர் வேகத்தைக் குறைத்ததும் கன்னம் உப்பிப் பழையபடி ஆனது.

"வாய்க்குப் பின்னாடிதான் ஜெனரேட்டருக்குக் காத்துப் போற கம்பி வலை இருக்கு. ஓடறப்போ ஃபிளெக்ஸ் அதுல போய் அப்பிக்குது. மூச்சு முட்டி, சூடேறி, தானா நின்னுடுது. நிப்பாட்டுனா ஃபிளெக்ஸ் விட்டுடுது."

பிலோமின்ராஜ் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தார். மண்ணச்சநல்லூர் ஃபிளெக்ஸ்காரர் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்றுதான் சொன்னார். தலைவர் வாயில் ஓட்டை போடுவதா என்று அவரை அதட்டிக் கட்ட வைத்தது வேறு யாருமில்லை, பிலோமின்ராஜேதான்.

வண்டியை ஓரம் கட்டினார்கள். பிலோமின்ராஜ் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னார். யார் கட்டச் சொன்னது என்ற கேள்வி உடனே வந்தது. ஃபிளெக்ஸ்காரர் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவருடைய நம்பர் தலைவரிடமே இருந்தது.

"நான்தாங்கய்யா."

மருதைவாணர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னை ஸ்ரீரங்கத்துல வச்சுப் பேசிக்கறேன்."

ஃபிளெக்ஸைக் கழற்றலாம் என்றால், அதன் அடியில் 'கல்யாணம், படப்பிடிப்புகளுக்கு வாடகைக்குக் கிடைக்கும்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. வாயை வெட்டுவது பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் மன்சூர்தான், நடக்கிற வேகத்தில் போனால் ஏசி நிற்காது என்றார். தலைவர் அதற்கு உடனே சம்மதித்துக் காலை நீட்டிக்கொண்டார்.

இருநூறு அடி போவதற்குள் பின்னால் பஸ்கள் ஹாரனை அலறவிட்டன. டீக்கடையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். நடைப்பயணம் என்று எழுதிய வண்டி ஆமையாக ஊர்ந்தால், நடப்பவர் முன்னால் இருக்க வேண்டும் அல்லவா. ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி, "தலைவர் எங்கங்க?" என்று கேட்டார். இன்னொருவர் கறுப்புக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து உள்ளே பார்க்க முயன்றார்.

கூட்டம் இல்லாத மறுபக்கத்துக் கதவு வழியாக மருதைவாணர் கைகூப்பியபடி இறங்கினார். கூட்டம் கூடவே வந்தது. அதனால் அடுத்த வளைவில் ஏற முடியவில்லை. அதற்கடுத்த வளைவிலும் முடியவில்லை. மத்தியப் பேருந்து நிலையத்தில் ஒரு சங்கத்தார் சேர்ந்துகொண்டார்கள், சத்திரம் பேருந்து நிலையத்தில் இன்னொரு சங்கத்தார். கேரவன் பின்னாலேயே வந்தது. உள்ளே குளிர் அமோகமாக இருப்பதாக மன்சூர் போனில் சொன்னார்.

காவிரிப் பாலம் வரும்போது மணி ஒன்று. தலைவரின் புதுச் செருப்பு இரண்டு குதிகாலையும் கடித்திருந்தது. அவருடைய கை தானாக வந்து பிலோமின்ராஜின் தோளைப் பிடித்தது. அதை நாலு பேர் படம் எடுத்தார்கள். எடுக்க எடுக்க, கை எடுக்க முடியாத கையாக ஆனது.

"இன்னும் எவ்வளவு தூரம்யா?" உதடு அசையாமல் கேட்டார். இந்தப் பயணத்தில் அவர் தூரம் கேட்டது இதுதான் முதல் தடவை.

"பக்கந்தாங்கய்யா."

தோளில் பாரம் கூடியது. எதிர்க் கரையில் ராஜகோபுரம் தெரிந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் இந்தக் கை எடுபடும், பிறகு அவர் சொல்லிவைத்த பேச்சு வரும். பிலோமின்ராஜ் நடையைக் கொஞ்சம் தளர்த்தினார். தலைவரும் மறுப்புச் சொல்லாமல் தளர்த்திக்கொண்டார்.