கட்டை பிரம்மச்சாரியின் சண்டை நேரம்

“வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் நாலேகாலுக்கு உங்க ஆபீஸ் நட்சத்திரம் பொண்டாட்டியோட சண்டை போடப்போகுது. வேணும்னா உங்க கடிகாரத்தை அதை வச்சுச் சரிபண்ணிக்கங்க, சம்பந்தியம்மா.”

டாக்டரம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. எட்டு மாதமாக இந்தச் சாப்பாட்டு மேசையில் அவர் கேட்காத புளுகு இல்லை. நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியுடன் வந்தவர் இந்தச் சம்பந்தி. மருமகனின் அப்பா. முப்பத்துநாலு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்படி, எழுநூறு பஸ்களை ஹாரன் சத்தத்திலேயே அடையாளம் காண்பாராம்; டிரைவர் பற்றாக்குறை வந்த ஒரு நாளில் இரண்டு பஸ்ஸை ஒரே நேரத்தில் ஓட்டினாராம்; அவர் விசில் ஊதினால் சூரியனே ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருமாம். இதையெல்லாம் கேட்டு டாக்டரம்மாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஆனால் இதுவரை அவர் நட்சத்திரத்தில் கை வைத்ததில்லை.

“அது தனி நட்சத்திரம், சம்பந்தி,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “ஆபீஸ்ல அதுக்குப் பேரே கட்டை பிரம்மச்சாரி.”

“எல்லா கட்டை பிரம்மச்சாரியும் வெளியில அப்படித்தான் சொல்லிக்கிறான்.”

மருமகனுக்குப் புரையேறியது. மகள் அவன் தலையில் தட்டினாள். தட்டும்போது அவளும் சிரித்தாள். துரோகி.

“அது ரெண்டாயிரம் ஒளியாண்டு தூரத்துல இருக்கு. அங்க சண்டை நடந்தா இங்க தெரிய ரெண்டாயிரம் வருஷம் ஆகும். இந்த வியாழக்கிழமையாம், நாலேகாலாம்!”

“பஸ் எப்பக் கிளம்புச்சுன்னா நான் சொன்னேன்? நம்ம ஸ்டாண்டுக்குள்ள எப்ப நுழையும்னுதானே சொன்னேன்?”

டாக்டரம்மா எழுந்து போய்க் கை கழுவினார். பாதித் தட்டு அப்படியே இருந்தது.

டாக்டரம்மா ஊசி போடும் டாக்டர் அல்ல. விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிரை அளக்கும் செயற்கைக்கோள் ஒன்றின் தரவுப் பிரிவுக்குத் தலைவி. ஆனால் எக்ஸ்ரே என்ற சொல் தெருவில் கசிந்ததோடு போயிற்று. அக்கம்பக்கத்தார் முழங்காலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இருபது வருடத்தில் அவரிடம் காட்டப்பட்ட முழங்கால்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தச் செயற்கைக்கோளையே தொட்டுவிடலாம்.

அந்தச் செயற்கைக்கோளுக்கு வயது பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுஆய்வுக் குழு கூடி, அதைத் தொடர்ந்து இயக்குவதா, அணைத்துவிடுவதா என்று முடிவு செய்யப்போகிறது. அதன் கண் மங்கிவிட்டதென்று குழுவில் இரண்டு பேர் ஏற்கெனவே முணுமுணுத்திருந்தார்கள். மங்கவில்லை என்பதற்கு டாக்டரம்மாவிடம் இருந்த ஒரே சாட்சி, கட்டை பிரம்மச்சாரி. சூரியனைப்போல் நாற்பது மடங்கு எடை. நீலமாய்க் கொதிக்கும் உடம்பு. நொடிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் தன் மேலிருந்தே வாயுவைக் காற்றாக ஊதித் தள்ளும் நட்சத்திரம். அந்தக் காற்று சீராக வீசாது. பின்னால் வேகமாக வருவது முன்னால் மெதுவாகப் போவதை இடிக்கும். இடித்த இடம் பல லட்சம் டிகிரிக்குச் சூடேறி எக்ஸ் கதிரை உமிழும். ஆயிரக்கணக்கான இடங்களில் ஓயாமல் இடிபடுவதால், மொத்தத்தில் நமக்கு வந்து சேர்வது ஒரே சீரான தூறல். பன்னிரண்டு வருடமாக அந்தத் தூறலின் அளவு மாறவில்லை. ஆகவே கோளின் கண்ணும் மாறவில்லை. குழுவுக்கான அறிக்கையின் முதுகெலும்பே இதுதான்.

அந்த முதுகெலும்புக்குத்தான் சம்பந்தி கல்யாணம் பண்ணி வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை டாக்டரம்மா காரை எடுப்பதற்குள் சம்பந்தி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். போகிற வழியில் நூலகத்தில் இறங்கிக்கொள்வது அவர் வழக்கம். இறங்கும்வரை “லெஃப்ட்ல ஒடிங்க, இன்டிகேட்டரைப் போடுங்க” என்று உயிரை வாங்குவது அதைவிடப் பழைய வழக்கம். இன்று மடியில் ஒரு கட்டுக் காகிதம் வேறு.

“என்ன அது?”

“யானை.”

யானைதான். பேத்தி வரைந்த நீல யானைகள், ஏறத்தாழ இருநூறு. பேத்தி கிறுக்கட்டும் என்று அலுவலகத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய தாள்களை டாக்டரம்மாதான் மூட்டையாகக் கட்டி வந்து போட்டிருந்தார். சம்பந்தி ஒரு யானையைத் திருப்பினார். பின்பக்கம் வரிசையாகத் தேதி, நேரம், நட்சத்திரத்தின் எண். கடைசிப் பத்தியில் ஒரே சொல்: நிராகரிப்பு.

“இது குப்பை, சம்பந்தி. சூரியன் சில சமயம் துகளை வாரி இறைக்கும். அது எங்க கோள்ல வந்து விழுந்தா எண்ணிக்கை எக்கச்சக்கமா ஏறிடும். அப்படி ஏறினதை எல்லாம் மென்பொருளே தூக்கி எறிஞ்சிடும். அதோட பட்டியல்தான் இது.”

“சரி. சூரியன் இறைச்சா எல்லா நட்சத்திரத்துக்கும்தானே கெடும்?”

“ஆமா.”

“ரோடு அடைச்சா எல்லா பஸ்ஸும் லேட். ஒரு பஸ் மட்டும் லேட்டுன்னா கோளாறு ரோட்டுல இல்ல, அந்த பஸ்ல. நீங்க போன்ல ஓயாம சொல்ற அந்த நம்பர், உங்க பிரம்மச்சாரி, அவனுக்குப் பத்தொன்பது தடவை நிராகரிப்பு. எட்டு தடவை மத்த நட்சத்திரங்களுக்கும் அன்னைக்கே நிராகரிப்பு. அதை நான் கழிச்சுட்டேன். மிச்சம் பதினொண்ணு. பதினொண்ணுலயும் இவன் ஒருத்தன் மட்டும்தான். நடுவுல எத்தனை நாள்னு எண்ணினேன். எல்லாம் அம்பத்திரண்டு நாள் ஏழு மணி நேரம், இல்லேன்னா அதோட ரெண்டு மடங்கு, அஞ்சு மடங்கு; நடுவுல உங்க கோள் வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கும். சம்பந்தியம்மா, சூரியன் டைம்டேபிள் போட்டா ஓடுது? இது யாரோ சுத்தி வர்ற வேலை. லெஃப்ட்ல ஒடிங்க.”

“தெரியும்!”

“தனியா இருக்கறவன் முணுமுணுப்பான். சண்டை வேணும்னா எதிர்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆளும் இவனை மாதிரியே காத்து ஊதுற ஜாதி. சுத்தி வந்து கிட்ட நெருங்கறப்போ ரெண்டு காத்தும் நேருக்கு நேரா மோதுது. லைப்ரரில படிச்சுட்டுத்தான் சொல்றேன், சரியா?”

சரிதான். அதுதான் டாக்டரம்மாவுக்குத் தாங்கவில்லை. ஜோடி நட்சத்திரங்களின் காற்று மோதினால் எக்ஸ் கதிர் பல மடங்கு ஏறும் என்று அவரே பாடம் நடத்தியிருக்கிறார். நூலக வாசலில் சம்பந்தியை ஏறக்குறைய உருட்டித் தள்ளிவிட்டு, யானைகளை மட்டும் பிடுங்கிக்கொண்டு அலுவலகம் போனார். கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினார். ஐம்பத்திரண்டு நாள் ஏழு மணி நேரம். திரும்ப எண்ணினார். காபி குடித்துவிட்டு எண்ணினார். யானைகளைக் கலைத்துப்போட்டுக் கடைசியிலிருந்து முன்னுக்கு எண்ணினார். அந்த எண்ணுக்கு அவர் மேல் கொஞ்சமும் இரக்கம் இல்லை.

‘பதினொன்று தற்செயலாகவும் அமையலாம்,’ என்று சொல்லிக்கொண்டார். சொன்ன குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

பிரம்மச்சாரியைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்குப் புதன்கிழமை மதியம் ஏற்பாடாகியிருந்தது. அதை வியாழக்கிழமைக்கு மாற்ற அவர் கையெழுத்து போதும். படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘சம்பந்தியின் வாயை அடைக்க’ என்று எழுதத்தான் கை துடித்தது. ‘சரிபார்ப்பு’ என்று எழுதினார்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தம் போட்டார்.

“வியாழக்கிழமை பார்க்கறோம். ஒண்ணும் நடக்கலேன்னா நீங்க இனிமே காருல பின்சீட்டுல உட்காரணும். வாயைத் திறக்கக்கூடாது.”

“நடந்தா?”

“நடக்காது.”

“நடந்தா, இதே மேசையில, எல்லார் முன்னாடியும், உங்க வாயால சொல்லணும். சுத்தி வளைக்காம.”

“நடக்காதுங்கறேன்ல!”

“பாட்டி தோத்துடுவாங்க,” என்றாள் பேத்தி, புது யானைக்கு வால் வைத்துக்கொண்டே.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு டாக்டரம்மா கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். பணியில் இருந்த பெண்ணுக்கு ஆபீஸ் வைத்த பெயர் மௌனி. பதினைந்து வருட வேலையில் அவள் பேசியதைத் தொகுத்தால் ஒரு தபால் அட்டையில் பாதி காலியாக இருக்கும். திரையில் பிரம்மச்சாரி தூறிக்கொண்டிருந்தான். மூன்றரை: அதே தூறல். நாலு: அதே தூறல். நாலேகால் ஆயிற்று. அணுவளவும் ஏறவில்லை.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். எட்டு மாதத்தில் முதல்முறையாக முதுகு வலி விட்டது. பின்சீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சம்பந்தியை மனக்கண்ணில் ஆசைதீரப் பார்த்தார்.

நாலு இருபத்திரண்டுக்குக் கோடு அறுந்தது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. திரையில் வெறும் இடைவெளி. அடியில் ஒரு சிவப்பு வரி: நிராகரிப்பு.

“சூரியன்,” என்றாள் மௌனி.

“இப்பவா? இந்த நேரம் பார்த்தா அதுக்கும் கிறுக்குப் பிடிக்கணும்!” டாக்டரம்மா சூரியனைக் கவனிக்கும் நிலையத்துக்குப் போன் செய்தார். மறுமுனையில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, மூன்று நாளாகச் சூரியன் குறட்டை விட்டுத் தூங்குகிறது, ஒரு துகள்கூடக் கிளம்பவில்லை என்றார்.

ரிசீவரை வைத்தார். சிவப்பு வரியை மறுபடி படித்தார்.

மென்பொருள் தன் பழைய வேலையைத்தான் செய்திருந்தது. எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியது; ஏறினால் சூரியன்தான் என்று அதற்குச் சொல்லிவைக்கப்பட்டிருந்தது; தூக்கி எறிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக பிரம்மச்சாரி மனைவியோடு சண்டை போடும் ஒவ்வொரு தடவையும், பெரிய மனுஷத்தனமாகக் கதவைச் சாத்தி மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அப்படித் தூக்கி எறியும் அந்த வடிகட்டியை எழுதியது யார்? டாக்டரம்மாதான். தன் கையால்.

மௌனி அவரைப் பார்த்தாள். பிறகு, வரலாற்றில் முதல்முறையாக, நீளமாகப் பேசினாள்.

“அப்படியே விட்டுடவா மேடம்? அறிக்கைல வராது. நாளைக்குக் குழு. யாருக்கும் தெரியாது.”

உண்மைதான். விட்டுவிட்டால் அறிக்கை பளிங்காக இருக்கும். கோள் பிழைக்கும். சம்பந்தி பின்சீட்டுக்குப் போவார். ஒரு பட்டனைக்கூட அழுத்த வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். டாக்டரம்மா அரை நிமிடம் சும்மா இருந்து பார்த்தார். நீல யானைகள் இருநூறும் வரிசையாக வந்து அவரைப் பார்த்தன.

“வடிகட்டியை எடு,” என்றார் எரிச்சலாக. “எடுன்னா எடேன், என்னையே பார்த்துட்டு நிக்கறே!”

எடுத்ததும் கோடு ஒட்டிக்கொண்டது. தூறல் இருந்த இடத்தில் கொட்டுமழை. மூன்று மடங்கு, மூன்றரை, நாலு. அதுவும் வழக்கமான மெல்லிய கதிர் அல்ல. பல கோடி டிகிரியில் மட்டுமே பிறக்கும் கடுமையான கதிர். தன் காற்றுக்குள் தானே இடித்துக்கொள்பவனுக்கு இவ்வளவு சூடு வராது. எதிரில் ஆள் இருந்தே தீர வேண்டும்.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் டாக்டரம்மா எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்: வடிகட்டியின் தவறு, பதினொரு தடவை, பன்னிரண்டாவது தடவை, யானைகள் உட்பட. முணுமுணுத்த இருவரும் முணுமுணுப்பை நிறுத்தி மூன்று மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார்கள். சண்டை நாட்களைக் கழித்துப் பார்த்தாலும் தூறல் மாறவே இல்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள். கண் நன்றாகத்தான் இருக்கிறது. கூடவே இன்னொரு நட்சத்திரத்தையும் பார்த்திருக்கிறது. கடைசியில் குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். ஐம்பத்திரண்டு நாள் ஏழு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், அதுவரை கோளை அணைக்க வேண்டாம், அதன்பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

சாயங்காலம் டாக்டரம்மா வீட்டுக்குள் நுழைந்தபோது குடும்பமே மேசையைச் சுற்றித் தயாராக உட்கார்ந்திருந்தது. சம்பந்தி புதுச் சட்டை போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

“கோள் பிழைச்சுது,” என்றார் பையை வைத்துக்கொண்டே. “குழுவுல அவகாசம் கொடுத்திருக்காங்க. தரவுல சில சுவாரசியமான...”

“சம்பந்தியம்மா, சுத்தி வளைக்கக்கூடாது.”

“நாலேகால்னு சொன்னீங்க. நாலு இருபத்திரண்டு.”

“ஏழு நிமிஷம் லேட்டு. ரெண்டாயிரம் ஒளியாண்டு தூரத்துலேர்ந்து வர்ற வண்டி. நான் டிப்போவுல இதைவிட மோசமானதை எல்லாம் கையெழுத்துப் போட்டு உள்ள விட்டிருக்கேன்.”

மகள் உதட்டைக் கடித்தாள். மருமகன் முன்னெச்சரிக்கையாகத் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தான். பேத்தி கிரயானைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை ஊன்றிக்கொண்டாள்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“நடந்துச்சு, சம்பந்தி,” என்றார். “நீங்க சொன்ன மாதிரியே நடந்துச்சு.”