மூன்றாவது பெயர்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு வாரப் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்திலிருந்து கிடைத்தது. கடினமான ஆபரேஷனை அடிக்கடி செய்யும் இடங்களில் சாவு குறைவு, எப்போதாவது செய்யும் இடங்களில் அதிகம் என்று போட்டிருந்தார்கள்.

(பொய். கதை ஆறு வருடம் முன்பே, 1992இல் கிடைத்துவிட்டது. எழுதாமலிருக்க எனக்கிருந்த சாக்கைத்தான் பத்திரிகை பிடுங்கிக்கொண்டது.)

2.

முதல் தொடக்கம்: பருத்திப்பட்டு ஏரியில் அன்று காலை தண்ணீர்...

அடித்துவிட்டேன். ஏரிக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது: ஆவடியில் பன்னிரண்டு படுக்கை கொண்ட நர்சிங் ஹோம் ஒன்றில் நான் குமாஸ்தா. ஆபரேஷன் ரெஜிஸ்டர் எழுதுவது என் வேலை. தொழிற்சாலை குவார்ட்டர்ஸிலிருந்து ஃபிட்டர் ராயப்பன், கண் மஞ்சளாகிவிட்டது என்று மனைவி ஜெயசீலியை அழைத்துவந்தார். கணையத்தில் கட்டி. வெட்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர் ரகுநாதன். அன்று மாலை ராயப்பன் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணாத்தே, இந்த ஆபரேசன நம்ம டாக்டரு எத்தினி பேருக்குப் பண்ணிகீறாரு?"

ரெஜிஸ்டர் என் முழங்கைக்கு அடியில் இருந்தது. நான்கு வருடத்தில் இரண்டு பேர். அதில் ஒருவர் ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

"பெரிய ஆஸ்பத்திரில ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரு படுத்துனு கீறாங்க. இங்க டாக்டரு பேர் சொல்லிக் கூப்புடுவாரு" என்றேன்.

இரண்டும் உண்மை. அவர் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. ராயப்பன் தலையாட்டினார். மூன்றாவதாக ஜெயசீலியின் பெயரை எழுதினேன்.

3.

ரகுநாதனைப் பேராசைக்காரராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. குடல்வால், குடலிறக்கம் என்றால் அவர் கை பிசகாது. பூந்தமல்லியிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். ஜெயசீலிக்காக ஏழு மணி நேரம் நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்த்தார்.

ஐந்தாம் நாள், வயிற்றிலிருந்து வந்த குழாயில் நீர் சாம்பல் நிறமாகியது. நர்ஸ் சுசீலா எவ்வளவு என்று அளந்து எழுதினாள். நிறத்தை எழுதவில்லை. அப்படியொரு நிறத்தை அவள் பார்த்ததே இல்லை. காய்ச்சலுக்கு டாக்டர் ஊசியை மாற்றினார். எட்டாம் நாள் ஜெயசீலிக்குப் பேச்சு குழறியது. வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இதே ஆபரேஷன் மாதம் ஆறேழு பேருக்கு. பயிற்சி டாக்டர் ஒருவர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"உள்ள தையல் விட்டிருக்கு. மூணு நாளாயிருக்குமே, யாருமே பாக்கலையா?"

ராயப்பன் என்னைப் பார்த்தார். மறுநாள் ஜெயசீலி இறந்தாள்.

4.

மாற்று முடிவு (அ): நான் "ரெண்டு பேரு" என்கிறேன். ராயப்பன் அவளை ரயிலேற்றிக் கூட்டிப்போகிறார். பிழைக்கிறாள்.

மாற்று முடிவு (ஆ): போகிறார்கள். முறை வர மூன்று வாரம். வராந்தாவில் பாயைப் போட்டுக்கொண்டு...

(ஆ)வை நம்பித்தான் ஆறு வருடம் தூங்கினேன். அப்படியும் நடந்திருக்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றை ராயப்பன் அல்லவா தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?

5.

ரெஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தில் 'வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்' என்று எழுதச் சொன்னார் டாக்டர். எழுதினேன். எங்கள் ரெஜிஸ்டரில் ஜெயசீலி சாகவில்லை.

அடுத்த தை மாதம் காட்டுப்பாக்கத்திலிருந்து துலுக்கானம் என்பவர் வந்தார். அதே கட்டி. இந்த முறை சரியாக வரும் என்று டாக்டர் மனதார நம்பினார். துலுக்கானத்தின் மனைவி பஞ்சவர்ணம் என் மேசை முன்னால் வந்து நின்றாள். எத்தனை பேர் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"எங்க கையெய்த்துப் போடணும், நைனா?"

நான் காகிதத்தை எடுத்து...

இதற்கு மேல் எழுதியதை ஆறு முறை கிழித்துவிட்டேன். நீங்கள் கொஞ்சம் என் நாற்காலியில் உட்காருங்கள். பேனா அவள் கையில் இருக்கிறது.