சாக்கு நூல்

அய்யாவு கங்காணி பரிசத் தட்டைத் தன் தலையில்தான் சுமந்து வரவேண்டும் என்று பேச்சியம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். ஆள் வைத்துத் தூக்கக் கூடாது. ஆபீஸ் பாதை வழியாகவும் வரக் கூடாது. தோட்டத்துக் கூலி லயத்தின் வாசல்களைத் தாண்டித்தான் வரவேண்டும். ரப்பர் பால்வெட்டு முடிந்து சனம் குளித்துச் சோறாக்கும் நேரம். எல்லாரும் பார்க்கட்டும்.

மனுசன் வந்துகொண்டிருந்தார். பேச்சியின் மகள் சந்திரமதியைக் கட்டி வைக்காவிட்டால் சிங்கப்பூருக்கு ஓடிவிடுவேன் என்று ஒரே மகன் தங்கராஜு சாப்பிடாமல் கிடந்தான். இல்லையென்றால் இந்தச் செம்மண் பாதையில் அவர் தலைக்குச் சுமை ஏறுமா? பிரம்பு பிடித்த கை தாம்பாளத்தைப் பிடித்திருந்தது. தலைப்பாகை நனைந்து வேர்வை மீசையில் இறங்கியது. மகன் பின்னால் வந்தான்.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அலமாக்! கங்காணியாரு பால் வாளி தூக்குற மாதிரியில்லடி இருக்கு."

பேச்சி சிரிக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

காலராவில் வீட்டாரையெல்லாம் பறிகொடுத்து, நாகப்பட்டினத்தில் கூலிகளைக் கப்பலேற்றும் டிப்போவில் அவள் ஒண்டியாக நின்ற காலம். "புருசன் இல்லாத பொம்பளையக் கப்பல்ல ஏத்துனா தொல்ல" என்றார் இதே கங்காணி. அரிசிச் சாக்கின் வாயைத் தைத்திருந்த நூலை உருவி, எவளோ அரைத்து வைத்திருந்த மஞ்சளில் புரட்டி, அடுத்து நின்றவனிடம் நீட்டினார். "டேய், கட்டுடா." அவன் பெயர் வேலு என்பதைக் கப்பல் ஏறிய பிறகுதான் தெரிந்துகொண்டாள். குடித்தான், அடித்தான். முன்பல் உடைந்த வாயோடு அவள் கங்காணி வாசலில் போய் நின்றாள். "கட்டுனவன் அடிக்காம துரையா வந்து அடிப்பாரு?" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேலு காய்ச்சலில் செத்தபோது வளையலை உடைத்தார்கள், பூவைப் பறித்தார்கள். நூலை மட்டும் அவள் கொடுக்கவில்லை.

தங்கராஜுவைப் பிடித்திருக்கிறது என்று மகள் சொன்ன அன்று, கல்யாணத்தில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று பேச்சிக்குப் புரியவேயில்லை. எந்த வீட்டுப் பையன் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

தட்டு வாசலில் இறங்கியது. பட்டுச்சேலை, வாழைப்பழம், வெற்றிலை, நடுவில் தங்கத் தாலி.

"எடுத்துக்கங்க, சம்பந்தி." கங்காணி அந்தச் சொல்லைத் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

பேச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கறுத்துப்போன நூலை எடுத்துத் தாலியின் மேல் போட்டாள்.

"தங்கத்த நீங்களே வச்சுக்கங்க, கங்காணியாரே. டிப்போவுல நீங்க எனக்குக் கட்டி வச்சது இது. உங்க மவன் என் மவளுக்கு இதத்தான் கட்டணும். முடியாதுன்னா தட்டத் தூக்கித் தலையில வைங்க. வந்த வழியே போங்க."

"என் வீட்டு மருமவளுக்குச் சாக்கு நூலா?"

"உங்க வீட்டுக்கு வந்தாத் தங்கம், கப்பல்ல ஏறுனாச் சாக்கா?"

எங்கோ ஒரு வாசலில் யாரோ சிரித்தார்கள். இத்தனை வருசம் பேச்சி காத்திருந்த சிரிப்பு அது. கங்காணி குனிந்தார். கை தட்டின் விளிம்பைத் தேடியது. தூக்கட்டும். இன்னொரு முறை லயம் முழுக்க நடக்கட்டும்.

சந்திரமதி உள்ளேயிருந்து வந்தாள்.

"இதையே கட்டட்டும்மா."

"வாய மூடுடி."

"உனக்குக் கங்காணியாரு ஒரு ஆளப் புடிச்சுக் குடுத்தாரு. எனக்கு நானே பாத்துக்கிட்டேன். சாக்கு நூலா இருந்தா என்ன, கட்டுற கை எனக்குத் தெரிஞ்ச கை." தகப்பனுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். "என்னங்க, கட்டுவீங்கல்ல?"

தங்கராஜு தலையாட்டினான்.

"டேய்!" என்றார் கங்காணி. அவன் திரும்பவில்லை.

சந்திரமதி தட்டிலிருந்து நூலை எடுத்தாள். பேச்சிக்கு அப்போதுதான் அது மனக்கண்ணில் வந்தது: தினமும் விடிகாலையில் மகள் பால்வெட்டுக்குப் போகிறாள், அவள் கழுத்தில் அந்த நூல். பாய்ந்து மறுநுனியைப் பிடித்தாள்.

"குடுடி."

"இதத்தான் கட்டணும்னுதானே போட்ட?"

தாம்பாளத்தின் மேல் குனிந்தபடியே, தூக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கங்காணி நின்றார். அவர் தலைக்கு மேல் தாயும் மகளும் இழுத்தார்கள். அரிசி மூட்டையைத் தாங்கிய நூல். இழுக்க இழுக்க முறுக்கேறியதே தவிர அறவில்லை.